லேப்டாப்பில் டாக்கும் ஆம்பும்: எந்த வழியில் இணைப்பது?

லேப்டாப்பில் ஹெட்போன் வைத்துப் பாட்டுக் கேட்க டாக் (DAC) வாங்கலாமா, ஆம்ப் வாங்கலாமா, இரண்டும் சேர்ந்த பெட்டியே வாங்கிவிடலாமா என்று கேட்டு வருபவர்களிடம் நான் முதலில் திருப்பிக் கேட்பது: இப்போது உங்களுக்கு என்ன குறை? சத்தம் போதவில்லையா? பின்னணியில் இரைச்சல் கேட்கிறதா? இல்லை, ஒரு குறையும் இல்லை, மேஜை மேல் ஒரு பளபளப்பான பெட்டி இருந்தால் நன்றாக இருக்கும் என்ற ஆசையா? மூன்றாவதிலும் தப்பில்லை. ஆனால் மூன்றுக்கும் மருந்து வேறு. சத்தம் போதாதவர் இருபதாயிரத்துக்குத் தனி டாக் வாங்கினாலும் சத்தம் அதிகமாகாது. கரண்ட் வழியாக வரும் ரீங்காரத்துக்குப் பெரிய ஆம்ப் வாங்கினால், ரீங்காரமும் சேர்ந்து பெரிதாகும்.

அடிப்படையை இரண்டு வரியில் சொல்லிவிடுகிறேன். கணினியில் பாட்டு எண்களாக இருக்கிறது. அந்த எண்களை மின்னழுத்த அலையாக மாற்றுவது டாக். அந்த அலைக்கு ஹெட்போனுக்குள் இருக்கும் சுருளை அசைக்கிற தெம்பைக் கொடுப்பது ஆம்ப். உங்கள் லேப்டாப்பில் இரண்டும் ஏற்கெனவே இருக்கின்றன, பெரும்பாலும் நகத்தளவு ஒரே சிப்பில். நாம் செய்யப்போவது அவற்றில் ஒன்றையோ இரண்டையுமோ பெட்டிக்கு வெளியே கொண்டுவருவது, அவ்வளவுதான்.

ஒன்றும் வாங்காமல் முடிகிற இடங்கள்

2021இல் வந்த 14, 16 அங்குல மேக்புக் ப்ரோவோ, அதற்குப் பிந்தையதோ, 2022 முதல் வந்த மேக்புக் ஏரோ வைத்திருப்பவர்கள் கடைப்பக்கம் போகும் முன் ஒரு முறை யோசிக்கலாம். அந்த மாடல்களின் 3.5 மில்லிமீட்டர் ஜாக், செருகிய ஹெட்போனின் இம்பீடன்ஸ் (மின்னோட்டத்துக்கு அது காட்டும் தடை, ஓமில் அளப்பது) எவ்வளவு என்று தானே பார்த்துக்கொள்ளும். 150 ஓமுக்குக் கீழே இருந்தால் 1.25 வோல்ட் வரை, 150 முதல் 1000 ஓம் வரை இருந்தால் 3 வோல்ட் வரை தரும். இது ஆப்பிளே வெளியிட்டிருக்கும் கணக்கு. யூஎஸ்பியில் செருகும் குட்டி டாக்-ஆம்பான டாங்கிள்கள் பலவும் இதைவிடக் குறைவாகத்தான் கொடுக்கின்றன.

டெஸ்க்டாப்காரர்களுக்கு இன்னொரு இலவச வைத்தியம் உண்டு. கேபினெட்டின் முன்பக்க ஜாக்கில் செருகிக் கேட்கிறீர்கள் என்றால், பின்பக்கம் மதர்போர்டிலேயே இருக்கும் பச்சை நிற ஜாக்குக்கு மாற்றிப் பாருங்கள். முன்பக்க ஜாக்குக்குப் போகும் மெல்லிய ஒயர், கேபினெட்டுக்குள் கிராபிக்ஸ் கார்டையும் மின்விசிறிகளையும் ஒட்டி ஊர்வலம் போய்த்தான் முன்னால் வருகிறது. மவுஸை நகர்த்தும்போதும் பக்கத்தை உருட்டும்போதும் காதில் 'சிர்ர்' என்று கேட்பது பல நேரம் அந்த ஒயர் வழியில் ஏறியதுதான். பின்பக்கம் மாற்றியதும் அது நின்றுவிட்டால் பணம் மிச்சம். ஒரே எச்சரிக்கை: பின்பக்க ஜாக் பல போர்டுகளில் ஸ்பீக்கருக்கான லைன் அவுட்டாக வடிவமைக்கப்பட்டது, அதன் அவுட்புட் இம்பீடன்ஸ் பல பத்து ஓம்கள் வரை போகலாம். 300 ஓம் ஹெட்போனுக்கு அது பெரிய விஷயமில்லை. 16 அல்லது 32 ஓம் இன்-இயருக்கு (காதுக்குள் செருகும் வகை) அது ஒலியின் சமநிலையையே மாற்றிவிடும். ஹெட்போன் இம்பீடன்ஸில் எட்டில் ஒரு பங்குக்கு மேல் ஆம்பின் அவுட்புட் இம்பீடன்ஸ் போகக்கூடாது என்று ஒரு நாட்டுக் கணக்கு புழக்கத்தில் இருக்கிறது. 32 ஓமுக்கு 4 ஓம். அதை நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

எத்தனை வோல்ட் வேண்டும்?

விளம்பரங்களில் 'இரண்டு வாட்', '2000 மில்லிவாட்' என்று கொட்டை எழுத்தில் போடுவார்கள். அதைப் பார்த்து முடிவெடுப்பவர்கள்தான் தேவைக்கு மேல் செலவழிக்கிறார்கள்.

சென்ஹைசர் எச்டி 650ஐ எடுத்துக்கொள்வோம். 300 ஓம். ஒரு வோல்ட் கொடுத்தால் 103 டெசிபல் என்று அதன் விவரக்குறிப்பு சொல்கிறது. இசையில் திடீரென எழும் உச்சங்கள் (தவில் அடி, டிரம்ஸின் முதல் தட்டு) 110 டெசிபலைத் தொட இடம் விட வேண்டும் என்று வைப்போம். 7 டெசிபல் கூட்ட வேண்டும். அதாவது சுமார் 2.2 வோல்ட். அந்த வோல்ட்டில் 300 ஓமுக்குள் பாயும் சக்தி எவ்வளவு தெரியுமா? ஏறக்குறைய 17 மில்லிவாட். ஆக, இந்த ஹெட்போனின் பசி வாட்டுக்கு அல்ல, வோல்ட்டுக்கு. 2000 மில்லிவாட் ஆம்பில் நூற்றில் ஒரு பங்கைக்கூட அது தொடாது.

பேயர்டைனமிக் டிடி 770 ப்ரோவின் 250 ஓம் மாடலும் இதே சாதிதான்: கணக்குப் போட்டால் ஒரு வோல்ட்டுக்குச் சுமார் 102 டெசிபல். மாறாக, ஸ்டுடியோக்களில் எங்கும் பார்க்கும் ஆடியோ-டெக்னிகா எம்50எக்ஸ் 38 ஓம், மில்லிவாட்டுக்கு 99 டெசிபல். ஒரு வோல்ட்டில் அது 113 டெசிபல் வரை போய்விடும். காது தாங்காது. அதற்குத் தனி ஆம்ப் வாங்குவது வீண். எதிர் முனையில் ஹைஃபைமேனின் பழைய எச்இ-6 இருக்கிறது: 50 ஓம், மில்லிவாட்டுக்கு வெறும் 83.5 டெசிபல். அதே 110ஐத் தொட அதற்கு 4.7 வோல்ட்டும், அரை வாட்டுக்குச் சற்றுக் குறைவான சக்தியும் வேண்டும். அந்த இரண்டு வாட் விளம்பரங்கள் இவர்களுக்கானவை.

110 என்பது ஒரு கணத்து உச்சம், கேட்கும் அளவு அல்ல. உலக சுகாதார நிறுவனம் வாரத்துக்கு 40 மணி நேரம் என்றால் சராசரி 80 டெசிபலோடு நிறுத்திக்கொள்ளச் சொல்கிறது. அப்படிக் கேட்பவருக்கு எச்டி 650ஐ ஒரு வோல்ட் டாங்கிளில் போட்டாலும் புதிய சினிமாப் பாட்டுகளுக்குச் சத்தம் தாராளமாகவே இருக்கும். திணறுவது இரண்டு இடத்தில். ஒன்று, பழைய கச்சேரிப் பதிவுகள்: நிதானமான ஒலி அளவில் பதிவு செய்யப்பட்டவை, ஆலாபனையின் கீழ்ஸ்தாயி கேட்கவே குமிழை நிறையத் திருப்ப வேண்டியிருக்கும். மற்றொன்று, ஈக்வலைசர் பயன்படுத்துபவர்கள்: அடிநாதத்தை (பேஸ்) 6 டெசிபல் ஏற்ற வேண்டுமானால் மொத்த அளவை முதலில் 6 டெசிபல் இறக்க வேண்டும், இல்லையென்றால் ஒலி உடையும். அந்த இறக்கத்தை ஈடுகட்டக் கூடுதல் வோல்ட் வேண்டும்.

லேப்டாப் ஜாக்கிலிருந்து ஆம்ப் மட்டும்

கையில் பழைய ஆம்ப் இருக்கிறது, டாக் இல்லை. ஒரு பக்கம் 3.5 மில்லிமீட்டர், மறுபக்கம் இரண்டு ஆர்சிஏ முனை (டிவி, ஆம்புகளில் பார்க்கும் சிவப்பு-வெள்ளை முனை) உள்ள ஒயர் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் எந்தக் கடையிலும் கிடைக்கும். லேப்டாப்பின் ஒலியை எண்பது, தொண்ணூறு சதவீதத்தில் வைத்துவிட்டு ஆம்பின் குமிழில் கூட்டிக் குறைத்தால் வேலை முடிந்தது. 'ஒரு ஆம்பை இன்னொரு ஆம்புக்குள் செருகுவது பாவம்' என்று மிரட்டுவார்கள். அப்படியொன்றும் இல்லை. லேப்டாப்பின் ஆம்ப்புக்கு இங்கே வேலையே கிடையாது. பல ஆயிரம் ஓம் உள்ள லைன் உள்ளீட்டைத்தான் அது ஓட்டுகிறது. உங்கள் குறை சத்தம் மட்டும் என்றால் இது முழுத் தீர்வு. இரைச்சல் குறை என்றால் இது தீர்வே இல்லை, லேப்டாப்புக்குள் பிறக்கும் இரைச்சலை ஆம்ப் விசுவாசமாகப் பெருக்கிக் கொடுக்கும்.

டாங்கிள்

சுண்டுவிரல் அளவு யூஎஸ்பி-சி ஒயரின் நுனியில் டாக்கும் ஆம்பும் சேர்ந்து இருக்கும் பொருள். இதில் ஆப்பிள் விற்கும் யூஎஸ்பி-சி ஹெட்போன் அடாப்டர் ஆயிரம் ரூபாய் அளவில் கிடைக்கிறது. ஒரு வோல்ட் அவுட்புட், ஒரு ஓமுக்கும் குறைவான அவுட்புட் இம்பீடன்ஸ், அளவீடுகளில் பல மடங்கு விலையுள்ள பெட்டிகளோடு நிற்கும் சுத்தம். ஐரோப்பாவில் விற்பனையாகும் மாடல் மட்டும் பாதி வோல்ட்தான் தரும். லண்டன் உறவினரிடம் சொல்லி வாங்குபவர்கள் கவனிக்க. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் டிரைவர் எதுவும் போடாமல் வேலை செய்கிறது. ஹெட்செட்டின் மைக்கையும் எடுத்துக்கொள்கிறது, இது பெரிய டெஸ்க்டாப் பெட்டிகள் பலவற்றில் கிடையாது.

ஒரு வோல்ட் போதாதவர்கள் 4.4 மில்லிமீட்டர் பேலன்ஸ்டு ஜாக்கும் (ஒவ்வொரு காதையும் இரண்டு ஆம்புகள் எதிரெதிராக ஓட்டும் முறை) உள்ள டாங்கிள்களைப் பார்க்கலாம். அவற்றில் பல அந்த ஜாக்கில் நான்கு வோல்ட் வரை கொடுக்கின்றன. பேலன்ஸ்டு என்றால் ஒலி 'விரிந்து' கேட்கும் என்ற பேச்சை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. அதன் உண்மையான லாபம் இரட்டிப்பு வோல்ட். ஆனால் ஹெட்போனுக்கு அந்த முனை உள்ள தனி ஒயர் வாங்க வேண்டும், அந்தச் செலவையும் கணக்கில் சேருங்கள்.

டாங்கிளின் குறை ஒலியில் இல்லை, உடலில். குமிழ் இருக்காது, லேப்டாப்பின் பக்கவாட்டில் தொங்கிக்கொண்டே இருக்கும், கனமான ஹெட்போன் ஒயர் இழுத்து இழுத்து அந்த யூஎஸ்பி-சி முனை நாளடைவில் தளரும். ஒரே இடத்தில் உட்கார்ந்து வேலை செய்பவருக்கு இது எரிச்சல். தினமும் பையில் லேப்டாப்பைப் போட்டுக்கொண்டு ரயிலேறுபவருக்கு இதைவிடப் பொருத்தமானது வேறில்லை.

ஒற்றைப் பெட்டியா, இரட்டைப் பெட்டியா

மேஜைக்கு என்று வரும்போது உண்மையான போட்டி இதுதான். டாக்கும் ஆம்பும் ஒரே பெட்டியில் (ஃபியோவின் கே11, கே7 போன்றவை) வாங்குவதா, அல்லது டாக் ஒன்று, ஆம்ப் ஒன்று எனத் தனித்தனியாக வாங்கி ஆர்சிஏ ஒயரால் இணைப்பதா (அமெரிக்காவின் ஷீட் நிறுவனத்தின் மோடி, மேக்னி ஜோடி இதற்குப் பிரபலமான உதாரணம்)?

தனித்தனிக்குச் சொல்லப்படும் வாதம்: பிறகு ஒன்றை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் மாற்ற வேண்டிய அவசியம் எப்போது வரும்? டாக் தொழில்நுட்பம் ஏற்கெனவே காதின் எல்லையைத் தாண்டிவிட்டது. குறுந்தகட்டின் 16 பிட்டே மிக மெல்லிய ஒலிக்கும் மிக உரத்த ஒலிக்கும் நடுவே 96 டெசிபல் இடைவெளி தருகிறது. இன்றைய நல்ல டாக்குகள் அதைத் தாண்டி 110, 120 என்று அளக்கப்படுகின்றன. 'நான்வாவ்கை' என்ற புனைபெயரில் ஒருவர் 2011இல் ஓ2 என்ற ஹெட்போன் ஆம்பின் முழு வரைபடத்தையும் அளவீடுகளோடு யார் வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம் என்று இணையத்தில் இலவசமாகப் போட்டார். நன்றாக வடிவமைத்த மலிவான ஆம்புக்கும் லட்ச ரூபாய் ஆம்புக்கும் காதுக்குத் தெரிகிற வித்தியாசம் இல்லை என்பது அவர் கட்சி. 2012க்குப் பிறகு ஆளையே காணோம். ஆனால் அவர் கிளப்பிவிட்ட 'அளந்து காட்டு' என்ற பழக்கம் நிலைத்துவிட்டது, விலைகளும் இறங்கின. எதிர்க்கட்சிக்காரர்கள் இன்றும் இருக்கிறார்கள். அவர்களோடு சண்டை போட நான் வரவில்லை. என் பணம் என்றால் ஹெட்போனில் போடுவேன்.

அப்படியானால் இரட்டைப் பெட்டிக்கு இடமே இல்லையா? இருக்கிறது. எச்இ-6 போன்ற பேய்ப்பசி ஹெட்போன் வைத்திருப்பவர், ஏற்கெனவே நல்ல ஆம்ப் கையில் உள்ளவர், ஒரே டாக்கிலிருந்து ஹெட்போன் ஆம்புக்கும் ஸ்பீக்கருக்கும் ஒயர் எடுப்பவர், எதிர்காலத்தில் வால்வு ஆம்ப் வாங்கிச் சுவைத்துப் பார்க்க நினைப்பவர். இவர்களுக்குத் தனித்தனி சரி. மற்றவர்களுக்கு இரண்டு அடாப்டர், இரண்டு சுவிட்ச், மேஜைக்கு அடியில் இன்னும் கொஞ்சம் ஒயர்க்காடு.

ஒற்றைப் பெட்டிக்கு யாரும் பெரிதாகப் பேசாத இன்னொரு லாபம் உண்டு. லேப்டாப்பின் யூஎஸ்பியிலிருந்தே மின்சாரம் எடுத்துக்கொள்ளும் ஒற்றைப் பெட்டியில் ஹெட்போன் மட்டும் செருகியிருந்தால், கரண்ட் சுற்றிவர இரண்டாவது பாதையே கிடையாது. ஹெட்போன் உங்கள் தலையில் இருக்கிறது, சுவரில் அல்ல. அதனால் எர்த் வழியாக வரும் ரீங்காரம் பெரும்பாலும் அங்கே தலைகாட்டுவதில்லை. இரண்டாவது பெட்டியோ ஸ்பீக்கரோ தன் சொந்த பிளக்கோடு வந்து சேரும்போதுதான் கதை தொடங்குகிறது.

யூஎஸ்பியா, ஆப்டிகலா: ரீங்காரத்தின் கதை

யூஎஸ்பிதான் இயல்பான தேர்வு. பழைய யூஎஸ்பி ஆடியோ முதல் தலைமுறை 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸோடு நின்றது. இரண்டாம் தலைமுறை அதற்கு மேலே எவ்வளவோ போகிறது. மேக்கும் லினக்ஸும் 2010 வாக்கிலேயே அதைப் பேசக் கற்றுக்கொண்டன. விண்டோஸ்தான் 2017இல், விண்டோஸ் 10இன் 1703 பதிப்பில் வந்து சேர்ந்தது. இன்று எதிலும் ஒயரைச் செருகினால் போதும். பெட்டிக்குப் பின்னால் இருப்பது சதுர முனை என்றால் வீட்டில் கிடக்கும் பழைய பிரிண்டர் கேபிளே ஆகும். 'ஆடியோ தர' யூஎஸ்பி ஒயர் என்று ஐயாயிரம் கேட்டால் சிரித்துவிட்டு வந்துவிடுங்கள்.

இன்னொரு நன்மை: இப்போதைய யூஎஸ்பி டாக்குகள் 'அசிங்க்ரனஸ்' முறையில் வேலை செய்கின்றன. எப்போது எவ்வளவு தரவு வேண்டும் என்பதை டாக்கின் சொந்தக் கடிகாரம் தீர்மானிக்கிறது, கணினி அதற்குக் கட்டுப்பட்டு அனுப்புகிறது. ஆப்டிகலில் தலைகீழ்: கணினியின் தாளத்தை டாக் பின்தொடர வேண்டும். ஆப்டிகல் என்பது 1983இல் தோஷிபா கொண்டுவந்த டாஸ்லிங்க். சிவப்பு ஒளியாக ஒலியை அனுப்பும் பிளாஸ்டிக் இழை. பெரும்பாலும் 96 கிலோஹெர்ட்ஸ் வரை, சில இடங்களில் 192 வரை போகும். ஒயரை மடக்கினால் விட்டு விட்டுக் கேட்கும். பாட்டு நின்று மீண்டும் தொடங்கும்போது சில டாக்குகள் முதல் அரை நொடியை விழுங்கிவிடும். சின்னச் சின்ன நோட்டிபிகேஷன் ஒலிகள் கேட்காமலே போகும்.

இவ்வளவு குறை இருந்தும் ஆப்டிகலை ஏன் பேச வேண்டும்? ஒளிக்கு எர்த் கிடையாது. அது ஒன்றே காரணம்.

நம் வீடுகளில் நடப்பதைப் பாருங்கள். லேப்டாப் சார்ஜரில் இருக்கிறது. உலோக உடலைப் புறங்கையால் லேசாகத் தடவினால் ஒரு விறுவிறுப்பு. சார்ஜருக்குள் இரைச்சலைத் தணிக்க, 230 வோல்ட் பக்கத்துக்கும் வெளியே வரும் பக்கத்துக்கும் நடுவில் ஒரு சிறு கெப்பாசிட்டர் வைத்திருப்பார்கள். அதன் வழியே மிகச் சிறிய அளவு மின்சாரம் கசியும். மூன்று முள் பிளக்கும் ஒழுங்கான எர்த்தும் இருந்தால் அந்தக் கசிவு எர்த்துக்குப் போய்விடும். இரண்டு முள் சார்ஜர் என்றாலோ, மூன்று முள் பிளக்கை எர்த் ஒயரே இழுக்கப்படாத ஜங்ஷன் பாக்ஸில் செருகியிருந்தாலோ, அந்தக் கசிவு லேப்டாப்பின் உடலிலேயே காத்திருக்கும். இப்போது யூஎஸ்பியில் டாக், டாக்கிலிருந்து ஆர்சிஏ, அதிலிருந்து எர்த் உள்ள ஆம்ப் அல்லது ஸ்பீக்கர். காத்திருந்த கசிவுக்கு வழி கிடைத்துவிட்டது. அது உங்கள் ஆடியோ ஒயரின் தரை இழை வழியாகப் போகிறது. காதில் 50 ஹெர்ட்ஸ் 'ம்ம்ம்', அதன் மேல் ஒரு கரகரப்பு.

இரண்டு பக்கமும் நல்ல எர்த் இருந்தாலும் தப்பித்தோம் என்றில்லை. கணினி ஒரு சாக்கெட்டில், ஆம்ப் அறையின் மறுகோடியில் வேறொரு சாக்கெட்டில் என்றால், இரண்டு எர்த்துக்கும் நடுவே உள்ள சிறு வேறுபாடே ஒரு வளையமாகி ரீங்காரம் தரும். கிரவுண்ட் லூப் என்பது இதைத்தான்.

சோதனை எளிது. ரீங்காரம் கேட்கும்போதே சார்ஜரைக் கழற்றிப் பேட்டரியில் ஓட விடுங்கள். சட்டென்று நின்றால் குற்றவாளி மின்சாரப் பாதை. டாக்கையோ ஆம்பையோ மாற்றிப் பயனில்லை. முதலில் எல்லாவற்றையும் ஒரே ஜங்ஷன் பாக்ஸில் செருகுங்கள். பெரும்பாலான வீடுகளில் பாதிப் பிரச்சினை அதிலேயே தீரும். அடுத்து, அந்த சாக்கெட்டில் எர்த் உண்மையிலேயே இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பாருங்கள். இது பாட்டுக்காக மட்டும் செய்ய வேண்டிய வேலையும் அல்ல. ஆம்பின் எர்த் முள்ளை வெட்டிவிட்டால் ரீங்காரம் போய்விடும் என்று யோசனை சொல்பவர்களை நம்ப வேண்டாம். போவது ரீங்காரம் மட்டுமல்ல, ஷாக்கிலிருந்து காக்கிற ஒரே பாதையும்.

இதற்குப் பிறகும் நிற்கவில்லை என்றால்தான் ஆப்டிகல். டெஸ்க்டாப் மதர்போர்டுகள் பலவற்றில் அந்தத் துளை இன்னும் இருக்கிறது. லேப்டாப்களில் ஏறக்குறைய அழிந்துவிட்டது. மேக்புக் ப்ரோவின் ஹெட்போன் ஜாக்குக்குள் ஒளிந்திருந்த ஆப்டிகலைக்கூட ஆப்பிள் 2016இல் எடுத்துவிட்டது. ஆப்டிகலுக்கு மாறினால் டாக்குக்கு மின்சாரத்தைத் தனி மொபைல் சார்ஜரிலிருந்து கொடுங்கள். மின்சாரத்துக்காக மீண்டும் கணினியின் யூஎஸ்பியையே செருகினால் வளையம் திரும்ப வந்துவிடும்.

ஆப்டிகல் இல்லாத லேப்டாப்புக்கு யூஎஸ்பி ஐசோலேட்டர்: தரவை மட்டும் கடத்தி, நேரடி மின் இணைப்பைத் துண்டிக்கும் சிறு பெட்டி. மலிவாகக் கிடைப்பவற்றில் பெரும்பாலும் இருப்பது அனலாக் டிவைசஸின் ஏடியூஎம்4160 சிப். அது 12 மெகாபிட் வேகத்தோடு நின்றுவிடும். ஆக, டாக் முதல் தலைமுறை யூஎஸ்பி ஆடியோவும் பேசத் தெரிந்ததாக இருக்க வேண்டும், 96 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் எதிர்பார்க்கக்கூடாது. பாட்டுக் கேட்க அது தாராளம். ஆனால் சில டாக்குகள் அந்த வேகத்தில் கண் திறக்கவே மாட்டா, வாங்கும் முன் மாற்றித் தருவார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். அதைவிட வேகமான ஐசோலேட்டர்களும் வந்துவிட்டன, விலைதான் உறுத்தும். ஆர்சிஏ ஒயருக்கு நடுவில் போடும் கார் ஸ்டீரியோ வகை ஐசோலேட்டரைக் கடைசியாக வையுங்கள், அதற்குள் இருக்கும் குட்டி டிரான்ஸ்பார்மர் அடிநாதத்தை மெலிய வைத்துவிடும்.

மற்றவை, சுருக்கமாக

மானிட்டரின் ஜாக்: எச்டிஎம்ஐ வழியே ஒலி வரும்தான், அவசரத்துக்கு ஆகும், அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. புளூடூத்: நடந்துகொண்டே கேட்க அருமை, ஆனால் மீட்டிங்கில் மைக் இயங்கத் தொடங்கியதும் ஒலி தொலைபேசித் தரத்துக்கு விழும், வீடியோ எடிட்டிங்கில் தாமதம் தெரியும்.

பாட்காஸ்ட், பாட்டுப் பதிவு, ஆன்லைன் வகுப்பு என்று ஏதாவது ஒன்று உங்கள் வாழ்க்கையில் இருந்தால் டாக்-ஆம்ப் பக்கமே போகாமல் ஆடியோ இன்டர்ஃபேஸ் பாருங்கள். ஃபோக்கஸ்ரைட் ஸ்கார்லெட் சோலோ போன்றவற்றில் எக்ஸ்எல்ஆர் மைக்கும் (மூன்று முள் முனை உள்ள ஸ்டுடியோ மைக்) ஹெட்போனும் ஒரே பெட்டியில் செருகலாம். ஹெட்போன் சக்தியில் தனி ஆம்புக்குச் சற்றுப் பின்தங்கும், எம்50எக்ஸ் போன்ற ஹெட்போனுக்கு அது தெரியவே தெரியாது.

என் தேர்வு

விண்டோஸ் லேப்டாப், 300 ஓம் ஹெட்போன், நிலையான மேஜை. இந்தக் கூட்டணிக்கு நான் எடுப்பது யூஎஸ்பியோடு ஆப்டிகல் உள்ளீடும் கொண்ட ஒற்றைப் பெட்டி. இன்று லேப்டாப்பில் ஆப்டிகல் இல்லாவிட்டாலும் நாளை டெஸ்க்டாப்போ டிவியோ இணைக்க உதவும். லைன் அவுட் இருக்கிறதா என்றும் பார்ப்பேன், பிறகு ஸ்பீக்கர் வந்தால் அதே பெட்டி டாக்காக நிற்கும். அலைந்துகொண்டே இருப்பவர் என்றால் டாங்கிள். 40 ஓமுக்குக் கீழ் உள்ள, எளிதில் சத்தம் தரும் ஹெட்போன் என்றால் ஆயிரம் ரூபாய் அடாப்டரைத் தாண்டி ஒரு ரூபாய்கூடச் செலவழிக்க மாட்டேன். பிளேனார் ஹெட்போன் (சுருளுக்குப் பதில் தட்டையான மெல்லிய படலம் அசையும் வகை) வாங்கப்போகிறவர் ஹெட்போனை முதலில் வாங்கி, இருப்பதில் கேட்டுப் பார்த்துவிட்டு ஆம்பைத் தேடலாம். ஹைஃபைமேன் சண்டாராவுக்கு ஒரு வோல்ட்டிலேயே சுமார் 108 டெசிபல் வரும்.

பெட்டி வந்த பிறகு

முதல் முறை இணைக்கும்போது குமிழைச் சுழியத்தில் வைத்து, எல்லாவற்றையும் இயக்கிய பிறகு கடைசியாக ஹெட்போனைச் செருகுங்கள், தலையில் மாட்டாமல். சில பெட்டிகள் விழித்தெழும்போது 'டப்' என்று தட்டும். யூஎஸ்பி டாக் புதிதாக இணைந்ததும் விண்டோஸ் ஒலி அளவை நூறில் வைத்திருக்கும் வாய்ப்பும் உண்டு.

விண்டோஸில் ஸ்பீக்கர் சின்னத்தின் மேல் வலது கிளிக், சவுண்ட் செட்டிங்ஸ், புதிய டாக்கைத் தேர்ந்து அதன் பண்புகளில் ஃபார்மேட் என்ற இடத்தில் 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் போதும். அதில் 384 என்று இருந்தால் அதைத் தேர்ந்தெடுக்கத் தோன்றும். விண்டோஸ் எல்லா ஒலியையும் அந்த அளவுக்கு மாற்றி அனுப்பும், உள்ளே புதிதாக எதுவும் சேராது. கோப்பு உள்ளபடியே போக வேண்டும் என்பவர்கள் பிளேயரில் வசாபி எக்ஸ்க்ளூசிவ் முறையை (டாக்கை அந்தப் பிளேயர் மட்டும் பிடித்துக்கொள்ளும் விண்டோஸ் வசதி) இயக்கலாம். அப்போது யூடியூபும் வாட்ஸ்அப் அழைப்பும் அந்த டாக்கில் வாய்திறக்காது. மேக்கில் இதே வேலைக்கு ஆடியோ மிடி செட்டப்.

கணினியின் ஒலியை நூறில் வைத்துக் குமிழால் குறைப்பதே வழக்கம். குமிழைக் கொஞ்சம் திருப்பியதுமே சத்தம் அலறினால் கெயினை (ஆம்ப் எத்தனை மடங்கு பெருக்க வேண்டும் என்ற அமைப்பு) குறைந்த நிலைக்கு மாற்றுங்கள். சாதாரணக் குமிழ்கள் தொடக்கத்தில் இடது காதுக்கும் வலது காதுக்கும் ஒரே அளவு கொடுப்பதில்லை, பாட்டு ஒரு பக்கம் சாய்ந்து கேட்கும். கெயினைக் குறைத்து, குமிழ் பத்து மணிக்கும் இரண்டு மணிக்கும் நடுவில் நிற்கும்படி பார்த்துக்கொண்டால் அது சரியாகிவிடும். அப்படியும் இடமில்லை என்றால் விண்டோஸிலேயே முப்பது சதவீதம் இறக்குங்கள். 24 பிட்டில் அதனால் காதுக்குத் தெரிகிற இழப்பு இல்லை.

மறுநாள் காலை ஆபீஸ் மீட்டிங்கில் 'கேட்கிறதா, கேட்கிறதா' என்று கத்த வேண்டியிருக்கலாம். டாக்கில் மைக் இல்லை. ஜூமிலும் டீம்ஸிலும் ஸ்பீக்கருக்கு டாக்கையும், மைக்குக்கு லேப்டாப்பின் சொந்த மைக்கையும் தனித்தனியாகத் தேர்ந்து வைத்துவிட்டால் போதும்.